கதவு, மூன்றாவது டேக்

முதலில் எலி என்றுதான் பெனிட்டா நினைத்தாள். பலகையில் நகம் இழுபடுவது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு 'டொக்'. அப்புறம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்பது போல ஒரு இடைவெளி. வலது காதில் ஹெட்போன் இருந்தது, இடது காது குழந்தைக்கு. மிரியம் பிறந்த இந்தப் பத்து மாதத்தில் இரண்டு காதையும் ஒருசேரப் பாட்டுக்குக் கொடுத்த நாளே கிடையாது, அதனால் சத்தம் எந்தக் காது வழியாக வந்தது என்று உடனே பிடிபடவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். ராயபுரம் மாடிவீட்டுக்கு உரிய சத்தங்கள் மட்டும் அதது இடத்தில் இருந்தன. கீழ்வீட்டு மிக்ஸி, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி, குழாயடியில் நிரம்பி வழிகிற குடம். நகம் இல்லை. வெறுங்காலோடு படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தாள். மிரி கவிழ்ந்து படுத்து, ஒரு கன்னம் பாயில் அமுங்கி, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாக வந்தது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எங்கும் ஒன்றுமில்லை. உனக்குத்தான் பெனி என்னென்னமோ கேக்குது, என்று ஷெல்டன் சொல்வது மண்டைக்குள் ஒலித்தது. அவன் அதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. தலையைத் தடவிக்கொண்டுதான் சொல்வான். தூத்துக்குடிக்குப் போன் போட்டு அவள் அம்மாவிடமும் அதே தடவுகிற குரலில் சொல்லியிருக்கிறான்: பிள்ளை பெத்ததுல இருந்து அவ ஒரு மாதிரியா இருக்கா அத்தை, இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுங்கா, நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க. அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, பனிமய மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

காதை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் காதில் கோளாறு என்று சொல்வது, தையல்காரியிடம் உன் கை நடுங்குகிறது என்று சொல்வது மாதிரி. அடுத்த தையலில் நடுங்கிவிடும். பெனிட்டா ஏழு வருஷமாக ஒரு இணைய இதழுக்கு ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறாள். சினிமாப் பாட்டு இல்லை. சொந்தக் காசில் பதிவுசெய்து தாங்களே வெளியிடுகிறவர்கள், நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள், கிடாரை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தவர்கள், பறையோடு மேடை ஏறிய பெண்கள். டிசம்பர் வந்தால் அந்த வருஷத்தில் பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி எழுதுவாள். இவளுடைய பெயரில் இல்லை, 'உப்பளத்தான்' என்ற பெயரில். உப்பளத்தான் ஒரு கிழவர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற ரேடியோ நிலையத்துக்காரர், தூத்துக்குடிப் பக்கம் ஆள், மனைவி இல்லை, சாயங்காலத்தில் கொஞ்சம் குடிப்பார் என்பது வரைக்கும் யார் யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஷெல்டனும் அப்படித்தான் நம்புகிறான். கல்யாணத்துக்கு முன்னால், அவன் முகத்தையே பார்த்திராத காலத்தில், அவனுடைய முதல் ஆல்பத்தைப் பற்றி உப்பளத்தான் ஒரு வரி எழுதியிருந்தார்: தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு பாடுகிறவர், நாம் எழுந்து போனாலும் கவனிக்க மாட்டார். பெண்பார்த்துப் பேச ஆரம்பித்த இரண்டாம் நாளே அவன் அந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்து, அந்தக் கெழவன் மட்டும் என் கையில கெடச்சான், என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. கல்யாணம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட ஒன்று நல்லதாய்ப் போனது என்று வாழ்க்கையில் முதல்முறையாக இந்தச் சாயங்காலம்தான் தோன்றியிருக்கிறது. ஆறு மணிக்கு அவன் கண்ணாடி முன்னால் நின்று, தாடியில் எண்ணெய் தடவிக்கொண்டே, இன்னைக்கு அந்தக் கெழவனோட லிஸ்ட் வருதாம்ட்டீ, என்றான். அவள் மிரிக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்த வாட்டி போட்டுத்தான ஆகணும், என்றான். கெழவனுக்குக் காதுன்னு ஒண்ணு இருந்தா ஒம்பதாம் பாட்டைத் தாண்டிப் போக முடியாது. அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகரில் ஏதோ காபிக்கடையில் நடக்கும் ஆல்பம் கேட்கும் கூட்டத்துக்குக் கிளம்பினான். வாசலில் நின்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். கதவைத் தாழ் போட்டுராத, நான் லேட்டா வந்தா உன்னை எழுப்ப வேண்டாம் பாரு.

அவன் ஆல்பத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. நீ இப்போ இருக்கிற நிலையில அது உனக்கு வேண்டாம், ரொம்பக் கனமா இருக்கும், என்று தடுத்து வைத்திருந்தான். ஆனால் வெளியிடுகிற கம்பெனிக்காரன் உப்பளத்தானுக்கு முன்கூட்டியே கோப்புகளை அனுப்பிவிட்டான். விமர்சகர்களுக்கெல்லாம் அப்படித்தான் அனுப்புவார்கள். இரண்டு நாளாக அதைத் திறக்காமலே வைத்திருந்தாள். கட்டியவனின் ஆல்பத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பது அவளும் ஆசிரியர் ஷமீனா அக்காவும் போட்டுக்கொண்ட விதி. எழுதத்தானே கூடாது, கேட்கக்கூடாது என்று இல்லையே. இன்றைக்குப் பட்டியலை முடிக்கிற நாளில், ஒன்பது ஆல்பங்களுக்கு எழுதிவிட்டு, முதலிடத்துக்கு மட்டும் எழுதாமல் வைத்துவிட்டு, கூழ்க்கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அவன் ஆல்பத்தைப் போட்டாள். எட்டுப் பாட்டு வரை அவனேதான். தன் குரலையே தடவிக்கொள்கிற குரல். ஒன்பதாவது தொடங்கியபோதுதான் அந்த நகம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினால் இல்லை. ஆக, வீட்டுக்குள் இல்லை. மண்டைக்குள்ளும் இல்லை. இது விளங்க அவளுக்கு இவ்வளவு நேரம் ஆனதற்குக் காரணம், மண்டைக்குள்தான் இருக்கும் என்று அவன் அவளை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்ததுதான். மேசையில் உட்கார்ந்தாள். பாட்டைத் தொடக்கத்துக்கு இழுத்து வைத்தாள். இந்தத் தடவை மிரியை ஆண்டவரிடம் விட்டுவிட்டு இரண்டு காதையும் மூடினாள்.

நகம் இல்லை அது. கேபிள். மைக்கை நகர்த்தும்போது அதன் வால் சிமென்ட் தரையில் இழுபடுகிற சத்தம். இந்த வீட்டுத் தரையில், இந்த ஹாலில், அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். 'டொக்' என்பது மைக் தாங்கியின் கால் கதவில் இடித்தது. அப்புறம் மூச்சு. அதுவும் தெரியும். மூன்று வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. அந்த மூச்சு தணிந்த குரலில், பதிவுக்காரர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் தலையில் அடையாளம் சொல்வார்களே, பின்னால் தேட வசதியாக இருக்கும் என்று, அந்த வழக்கப்படி சொன்னது: கதவு. டேக் மூணு. அதற்கப்புறம் வேறொரு சத்தம் வந்தது. மரத்தில் உள்ளங்கை அடிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் ஒரு பெண், ஷெல்டன், கதவைத் திறங்க, பிள்ளைக்குக் கொதிக்குது, ஷெல்டன். ஒரு மூச்சு நேரம்தான். உடனே கிடார் வந்து மூடிக்கொண்டது. உள்ளங்கை அடி தாளமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் குரலை நீட்டி, எதிரொலி போட்டு, சொல்லெல்லாம் கரைந்துபோன ஒரு ரீங்காரமாக அடியில் ஓடவிட்டிருந்தான். வெளியில் விற்கிற ஆல்பத்தில் இந்தத் தலைப்பகுதி இருக்காது. வெட்டியிருப்பான். வெட்டாத கோப்பை அனுப்பித் தொலைத்தது கம்பெனிக்காரனா, கடைசி நேரத்தில் அவசரப்பட்ட இவனேயா, யாருக்குத் தெரியும். ஒன்பதாம் பாட்டைத் தாண்டிப் போக முடியாது என்றானே. உண்மைதான். அவள் தாண்டவில்லை. திரும்பத் திரும்பத் தலைக்கு இழுத்துக் கேட்டாள். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ கேட்டபோதுதான் அந்த எண் உறைத்தது. மூணு.

மிரிக்கு ஊசி போட்ட அன்றைக்கு நடந்தது அது. சித்திரை வெயில். இந்தப் பழைய வீட்டில் முன்பு ஒவ்வொரு அறையையும் தனித்தனிக் குடித்தனத்துக்கு விட்டிருந்ததால் படுக்கையறைக்கு வெளிப்பக்கமும் கொண்டி உண்டு. ஷெல்டன் ஹாலில் பதிவுசெய்யும்போது அதைப் போட்டுவிடுவான். நீ தூக்கக்கலக்கத்துல கதவைத் திறந்து வந்தா டேக் போயிரும் பெனி, அரை மணிநேரம், பொறுத்துக்கோ. ஃபேனும் ஓடக்கூடாது, மைக்கில் விழும். ஊசி போட்ட அன்றைக்குப் பிள்ளைக்குச் சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. சொட்டு மருந்து வெளியே ஃப்ரிட்ஜ் கதவில். முதலில் மெதுவாகத் தட்டினாள், டேக் கெட்டுவிடக்கூடாதே என்று. அவன் டேக் கெட்டுவிடக்கூடாதே என்று விரல்முட்டியால் தட்டியிருக்கிறாள். அப்புறம் உள்ளங்கை. அப்புறம் இரண்டு கையும். மிரியின் கண் மேலே செருகிக்கொண்டு வந்தது. நைட்டியின் முன்பக்கத்தைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து அவள் நெற்றியில் போட்டாள், தண்ணீர் தீர்ந்ததும் பீச்சிய பாலில் நனைத்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவு திறந்தபோது அவன் ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. ஐயோ பெனி, ஹெட்போன் போட்டிருந்தேன்ட்டீ, ஒண்ணுமே கேக்கல, என்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். நெஜமாவே அழுதான், கண்ணீர் வந்தது. அவள் பிள்ளைக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, அவன் தலையைத் தன் மடியில் வைத்து, பரவாயில்லை, பரவாயில்லைங்க, வேணும்னேவா செஞ்சீங்க, என்று தேற்றினாள். அவனைத் தேற்றினாள். கதவை அடித்து வீங்கிய கையால் அவன் முடியைக் கோதினாள். அது மூன்றாவது. அப்படியென்றால் ஒன்றும் இரண்டும் எப்போது. அவசரமாகப் போக வேண்டும் என்று தட்டிக் கடைசியில் குழந்தையின் பிளாஸ்டிக் வாளியில் ஒண்ணுக்கு இருந்த அன்றைக்கா. கரண்ட் போய், இருட்டில் பயந்து கூப்பிட்ட அன்றைக்கா. அந்த இரண்டு நாளும் ஹெட்போன்தான். இரண்டு டேக் திருப்தியில்லை அவனுக்கு. மூன்றாவதில்தான் குரலில் அவன் தேடியது வந்திருக்கிறது.

என்ன செய்யலாம் அவனை. கோபம் வருவதற்கு முன்னால் ஆசை வந்தது, மாசமாக இருந்தபோது நார்த்தங்காய் ஊறுகாய்க்கு வந்த மாதிரி ஆசை. அவன் ஜெர்மனியிலிருந்து வரவழைத்து, பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிற அந்த மைக்கைச் சாளைமீன் குழம்பில் போட்டு ஒரு கொதி கொதிக்க விடலாம். புளி தாராளமாக. கிடாரின் வயிற்றுக்குள் மிரியின் நாலு நாள் டயப்பரைத் திணித்து வைக்கலாம், நாறுவது எங்கே என்று தெரியாமல் வாரக்கணக்கில் வீடெல்லாம் மோந்து திரிவான், உனக்குத்தான் என்னென்னமோ நாறுது ஷெல்டன் என்று தலையைத் தடவலாம். ஹார்ட் டிஸ்க்கைக் காசிமேட்டுக்கு எடுத்துப்போய் ஐஸ் உடைக்கிற கோடாலிக்காரனிடம் கொடுக்கலாம். இல்லை, இது எல்லாம் போதாது. அவனை அந்த அறைக்குள் வைத்துக் கொண்டியைப் போட வேண்டும். ஃபேனை அணைத்து. தட்டட்டும். விரல்முட்டியில் ஆரம்பித்து உள்ளங்கைக்கு வரட்டும். பெனி பெனி என்று கூப்பிடட்டும், இவள் மைக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் வைத்து, ஹெட்போனைக் காதில் பொத்திக்கொண்டு, சத்தத்தின் லெவல் பார்ப்பாள். கொஞ்சம் குறைவா இருக்கே, இன்னும் கொஞ்சம் பயப்படு. சிஸ்டர் பெர்பெச்சுவா இருந்திருந்தால் இந்த நினைப்புக்கே முட்டி போடச் சொல்லியிருப்பார். கான்வென்டில் பத்து வருஷம் மன்னிப்பைத்தான் பாடமாகப் படித்தார்கள். உன் பென்சிலை எடுத்தவளை மன்னி, உன் ஜடையை இழுத்தவளை மன்னி, வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் நீ அவள்மேல் கோபப்பட்டதைச் சொல்லி நீ மன்னிப்புக் கேள். இழுத்தவள் ஒருநாளும் அந்த வரிசையில் வந்து நின்றதில்லை. ஆனால் அதே சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார், கேட்டு எழுதும்போது கேட்டதை மட்டும் எழுது, நீயாக ஒரு புள்ளி சேர்க்காதே என்று. அந்தக் கிழவி தெரியாமல் ஒரு கத்தியையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் செத்திருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. ஷமீனா அக்கா. உன் கெழவர் உயிரோட இருக்காரா இல்லையா, என்று ஆரம்பித்தாள். வாசகன் ஒருத்தன் மெயில் போட்டிருக்கான், உப்பளத்தான் ஐயா காலமாகிவிட்டாரா, லிஸ்ட் வரலையேன்னு. நான் மலர்வளையம் அனுப்பட்டுமா. ஒண்ணாவது இடம்தான் பாக்கி அக்கா, என்றாள் பெனிட்டா. அதைத்தான் கேக்கறேன், என்றாள் ஷமீனா. நீ உன் வீட்டுக்காரர் ஆல்பத்தைப் பத்தி எழுத வேணாம், அது நம்ம ஒப்பந்தம், ஆனா லிஸ்ட்ல அது இல்லாட்டி கேப்பாங்க பெனி. அந்தக் கதவுப் பாட்டு, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அந்தத் தாளம், அடியில அந்தப் பொண்ணோட விசும்பல், நடிக்க ஆளை எங்க பிடிச்சாரோன்னு. யாராவது வேற ஆளை வச்சு நாலு வரி எழுதி வாங்கிக்கறேன், இடத்தை மட்டும் சொல்லு. சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாக்கு நுனிக்கு வந்தது. அக்கா, அந்தப் பொண்ணு நான். எவ்வளவு சின்ன வாக்கியம். ஆனால் அதற்குப் பின்னால் வரப்போவது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அவன் அடித்தானா. இல்லை. சூடு வைத்தானா. இல்லை. அரை மணிநேரம் கொண்டி போட்டான், அவ்வளவுதானா. அப்புறம் ஷெல்டனின் தடவுகிற குரல், கண்ணில் தண்ணீர், பிரசவத்துக்கு அப்புறம் அவளுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு அக்கா, நான்தான் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் டாக்டர். அப்புறம் மிரியை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு. பிள்ளையை ஒரு மாதிரியாக இருக்கிறவளிடம் விட மாட்டார்கள். பத்து நிமிஷம் குடுங்க அக்கா, என்று வைத்துவிட்டாள்.

திரையில் பட்டியல் இருந்தது. பத்தாவது, பாளையங்கோட்டை நண்பர்கள் இரண்டு பேர் 'கடைசி டவுன் பஸ்' என்று போட்டது; மூன்று பாட்டு நன்றாக இருக்கும், மீதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். ஆறாவது, டொரான்டோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் சமையலறையில் பதிவுசெய்த 'பனியில் காயும் மிளகாய்'. குக்கர் விசில் வந்ததும் பாட்டை நிறுத்தி, பொறுங்கோ வாறன், என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்துக்காகவே. முதலிடத்துக்கு என்று ஐப்பசியிலேயே மனசுக்குள் குறித்து வைத்திருந்தது 'ஊருக்கு வெளியே'. மேகலா என்கிற சின்னப் பெண் சிவகங்கைப் பக்கம் ஒப்பாரிக்காரிகளைப் பதிவுசெய்த ஆல்பம். பாட்டுக்கு முன்னால் பேச்சையும் அப்படியே விட்டிருக்கிறாள். இருளாயி என்கிறவள் சொல்கிறாள், வீட்டுக்குள்ள வச்சுப் பாடச் சொல்லாத தாயி, சாவு விழாத வீட்ல ஒப்பாரி வச்சா சாவுக்குப் பாய் விரிச்ச மாதிரி, கம்மாக்கரைக்கு வா. கரைக்குப் போகிறார்கள், தவளை கேட்கிறது. பதியலாமா அம்மா, என்கிறாள் மேகலா. பதி. ஆனா எம்பேரைப் போடு. அங்கம்மா பாடுனதுன்னு சொல்லிராத, அவளுக்குக் கீச்சுக் குரலு. அங்கம்மா பக்கத்திலிருந்து ஏதோ வைகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு அடங்கி ஒரு தவளை மட்டும் மிச்சமிருக்கிறபோது அந்தக் குரல் எழும்புகிறது. கூலி வாங்கிக்கொண்டு சாவு வீட்டில் அழுகிறவளுக்குக்கூட, எங்கே அழுவது, யார் கேட்டால் அழுவது என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. இவனோ சாவு விழாத வீட்டில், பிள்ளை கொதித்துக் கிடந்த அறைக்கு வெளியே, பாயை விரித்து உட்கார்ந்து லெவல் பார்த்திருக்கிறான். அன்றைக்கு விழுந்திருந்தாலோ. விழுந்திருந்தால் அதுவும் அந்த டேக்கில் இருந்திருக்கும். அங்கேதான் அவளுக்குள் எதுவோ கீழே இறங்கி உட்கார்ந்தது. பயம் போய்விடவில்லை. எழுதுவதற்கு நடுவில் படுக்கையறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கை எழுதியது.

முதலிடத்துக்கு 'ஊருக்கு வெளியே' என்று போட்டு, இருளாயியின் பெயரையும் அங்கம்மாவின் பெயரையும் போட்டு முடித்தாள். அதற்குக் கீழே, பட்டியலுக்கு வெளியே, ஒரு கோடு கிழித்து எழுதினாள். வஞ்சகத்தோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். அவன் தாடியிலிருந்து அவன் ஓசைநயம் வரை உரித்துத் தொங்கவிட வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன, நல்ல வாக்கியங்கள், நாளைக்கு ஊரே ஒப்பிக்கக் கூடியவை. ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக அழித்தாள். அவனைக் கொல்ல அவள் ஒரு புள்ளி சேர்க்க வேண்டியதில்லை. கடைசியில் எழுதி நின்றது இது: ஷெல்டனின் ஆல்பத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அதில் நான் இருக்கிறேன். ஒன்பதாம் பாட்டில் தாளமாக ஒலிப்பது எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு. அடிப்பது என் கை. ரீங்காரமாகக் கேட்பது, காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து எடுக்கக் கதவைத் திறக்கச் சொல்லி நான் கேட்டது. கொண்டி வெளியே போடப்பட்டிருந்தது. தனக்குக் கேட்கவில்லை என்று பதிவுசெய்தவர் அன்றைக்குச் சொன்னார். விமர்சகர்களுக்கு வந்த கோப்பில் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேட்டால், அவர் மைக்கைக் கதவருகே நகர்த்தி வைப்பதும், இது எத்தனையாவது டேக் என்று சொல்வதும் கேட்கும். என்னிடம் யாரும் பதியலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயரைப் போடச் சொல்லியிருப்பேன். இப்போது போடுகிறேன். அதற்குக் கீழே, ஏழு வருஷத்தில் முதல்தடவையாக, பெனிட்டா மச்சாடோ என்று எழுதி, உப்பளத்தான் என்ற பெயரில் இதுவரை எழுதியவள், என்று சேர்த்தாள். கோப்பின் தலைப்பகுதியைத் தனியாக வெட்டி அதோடு இணைத்தாள். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நின்றது. மிரி தூக்கத்தில் ஒரு தடவை தும்மினாள். அனுப்பிவிட்டாள்.

ஷமீனா திரும்பக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆனது. கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். இந்தத் தடவை குரலில் மலர்வளையம் எதுவும் இல்லை. அவர் வீட்ல இருக்காரா, என்றுதான் முதலில் கேட்டாள். இல்லக்கா, பெசன்ட் நகர்ல. பிள்ளை, என்றாள் ஷமீனா. தூங்குது. கொஞ்சம் மூச்சு விட்டாள் ஷமீனா. மூணுன்னு சொல்றான் பெனி. ஆமாக்கா. மூணுன்னு சொல்றான், என்றாள் மறுபடியும், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. உங்களுக்கும் கேக்குதுல்லக்கா, என்றாள் பெனிட்டா. கேட்டதும்தான் அது எவ்வளவு நாளாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி என்று தெரிந்து, வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள். எனக்கும் கேக்குது, பக்கத்துல என் வீட்டுக்காரர் இருக்காரு, அவருக்குச் செவிட்டுக் காது, அவருக்கே கேக்குது, என்றாள் ஷமீனா. இதைப் போடட்டுமா. நீ சொன்னாதான் போடுவேன். நாளைக்கு வேணாம்னு தோணினாலும் அழிக்க முடியாது, ஊர் கேட்டுடும். பெனிட்டா படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். பெயின்ட் உரிந்திருந்த இடம் அவள் தோள் உயரத்தில் இருந்தது. போடுங்க அக்கா, என்றாள். சரி. நான் இவரோட வண்டி எடுத்துட்டு வரேன், மீன்பாடி வண்டி வேகந்தான் போகும், ஆனா வந்துடுவேன். பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேற யாருக்கும் எந்திரிக்காத.

வந்தது முதலில் அவனுடைய போன். பின்னால் காபிக்கடையின் இரைச்சல் இருந்தது, யாரோ அவன் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒவ்வொரு போனாக வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும் போல. அவன் தெருவுக்கு வந்திருக்க வேண்டும், சத்தம் மாறியது, அலை கேட்டது. பெனி, என்றான், அதே தடவுகிற குரலில். என்னட்டீ இது. யாரு உன்னை இப்படி எழுத வச்சா. அந்தக் கெழவன் நீயா. அந்தக் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு கூட இருந்தது, பிள்ளை செய்த குறும்புக்குச் சிரிப்பது போல. நான்தான் சொன்னேனே, ஹெட்போன் போட்டிருந்தேன், சத்தியமா ஒண்ணுமே கேக்கல பெனி. அவள் சொன்னாள், டேக் மூணுன்னு சொன்னியே. மறுமுனையில் வெறும் அலை. அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் கேட்டதில்லை. அந்த மௌனத்தை ரெண்டு காதாலும் கேட்டாள், ஒரு விமர்சகி கேட்கிற மாதிரி, எங்கே தொடங்குகிறது, எங்கே அசைகிறது, எங்கே உடைகிறது என்று. உடைந்தபோது குரல் வேறாக இருந்தது. அதில் எண்ணெயே இல்லை. பட்டியல் வெளியே வரக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலயும் என்னைக் கேவலப்படுத்திட்ட. இரு, வாரேன். வந்து பேசுவோம். பிள்ளையை எழுப்பித் தயாரா வை, அவளை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு அப்புறம் உன்னை எங்க கொண்டு போகணுமோ அங்க கொண்டு போறேன். கதவைத் தாழ் போட்டுராத. வழக்கமாகச் சொல்லும் இடத்தில் வழக்கமாகச் சொன்னான். சொல்லிவிட்டு வைத்தான்.

மிரியைப் பாயோடு சேர்த்து இழுத்து ஹாலுக்குக் கொண்டுவந்து, தன் கண்ணில் படுகிற இடத்தில் போட்டாள். குழந்தை ஒரு தடவை முனகி, கையை விரித்து, மறுபடி தூங்கியது. வாசல் கதவுக்குப் போனாள். மேல் தாழ்ப்பாள் மூன்று வருஷமாகப் போடப்படாதது. வீட்டுக்காரர் அடித்த பச்சைப் பெயின்ட் அதையும் சேர்த்துப் பூசி ஒட்டவைத்திருந்தது. இழுத்தால் அசையவில்லை. விரல் வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்று, பேரம் பேசி, போயிற்று. அவனாக இருக்க முடியாது, பெசன்ட் நகரிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வர முடியாது என்று தெரிந்தும் சத்தம் தேய்கிற வரை காது கொடுத்தாள். தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கதவை ஒரு நூல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். பெயின்ட் ஒரு ஓடு மாதிரி உடைந்து அவள் முகத்தில் தெறித்தது. இரும்பு கீச்சென்று கத்திக்கொண்டு நிலைப்படியின் துளைக்குள் ஏறியது. அது போதாது என்று தாழ்ப்பாளின் குமிழை வலப்பக்கமாகத் திருப்பி, அடியோடு மடக்கி, உள்பக்கத்திலிருந்து பூட்டினாள்.